பொருளடக்கத்தில் நாலாவது கட்டம்

ஒரு பத்திரிகையின் பொருளடக்கப் பக்கத்தில் மூன்றே சங்கதிகள்தான் இருக்க முடியும்: தலைப்பு, எழுதியவர் பெயர், பக்க எண். தலைப்பை மாற்றினால் வாசகன் தடுமாறுவான். எண்ணை மாற்றினால் திட்டுவான். பெயரோ ஏற்கெனவே மாறிப்போயிருந்தது. இந்த மூன்றில் எதைத் தொட்டுத் திருடனைத் திருடன் என்று ஊருக்குக் காட்டுவது? அதுவும், அந்தத் திருடனே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பக்கம் அச்சேறும் என்றிருக்கும்போது?

ஒப்பணக்கார வீதியில், தன் சித்தப்பாவின் பஞ்சு மண்டிக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில் உட்கார்ந்து நஞ்சம்மாள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில். எதிரே வெற்றுத் தாள். பக்கத்தில் கல்லூரி சங்கீத சங்கத்தின் 'சங்கீத மாணவன்' முதல் இதழின் அச்சான தாள்கள், மை வாசனை போகாமல்.

பொருளடக்கம் பத்திரிகையின் முதல் பக்கமாக இருந்தாலும் கடைசியில்தான் அச்சாகும். எந்தக் கட்டுரை எந்தப் பக்கத்தில் போய் விழுகிறது என்பது மற்ற எல்லாப் பக்கங்களையும் கட்டி முடித்த பிறகுதானே தெரியும்? பந்தி எழுந்த பிறகுதான் எத்தனை இலை விழுந்தது என்று சொல்ல முடியும், அதுபோல. ஆகவே உள்தாள்கள் எல்லாம் அச்சாகிக் காய்ந்த பிறகு, பக்க எண்களைக் குறித்துக்கொள்ள அவளை அனுப்பியிருந்தார்கள். கோடு போட அவளுக்குக் கை நன்றாக வரும் என்று சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படித்தான் பதினேழாம் பக்கத்தைப் பார்த்தாள். 'தம்புராவுக்கு உயிர் வருவது எப்படி?' அவள் வைத்த தலைப்பு. முதல் வரி அவளுடையது. இரண்டாம் வரியும் அவளுடையது. பக்கத்தின் மேல் மூலையில் மட்டும் தலைப்பாகை கட்டிய ஒரு படம். அடியில், 'பாலுசாமி, சீனியர் இண்டர்மீடியட், பத்திரிகாசிரியர்.'

அந்தக் கட்டுரை அவளுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். சங்கத்து அலமாரியில் ஒரு தம்புரா கிடந்தது. மீட்டினால் 'டொக்'கென்று ஒரு சத்தம் வரும். வந்த இடத்திலேயே செத்துவிடும். "மரம் செத்துப்போச்சு, வெறகுக்குத்தான் ஆகும்" என்றார்கள். நஞ்சம்மாளுக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப வராது. தந்திகள் வந்து படிகிற பலகையை, குதிரை என்பார்களே, அதைத் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தது. ஒரு நேரான அடிக்கோலை அதன்மேல் வைத்து விளக்குக்கு எதிரே பிடித்தபோது இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. தட்டையல்ல, ஆமை முதுகைப் போல மிக மெல்லிய வளைவு.

அங்கேதான் சூட்சுமம். தந்தி குதிரையின் மேல் அழுந்திக் கிடந்தால் ஒரே இடத்தில்தான் தொடும். ஒரு சத்தத்தோடு சரி. தந்திக்கு அடியில் ஒரு நூலிழையை நுழைத்து மயிரளவு தூக்கிவிட்டால், அதிர்கிற ஒவ்வொரு முறையும் தந்தி அந்த வளைந்த முதுகைத் தட்டித் தட்டி எழும். அந்தத் தட்டலில் ஒரே தந்தியிலிருந்து மெல்லிய சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிளம்பும். அதுதான் ரீங்காரம். நூலுக்கு ஜீவா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், உயிர் என்று. காரமடைப் பக்கத்துத் தன் வீட்டுப் பருத்திக் காட்டில் விளைந்த பஞ்சைப் பிரித்து, எத்தனையோ சாயங்காலங்கள் இழை இழையாக வைத்துப் பார்த்துத்தான் அவள் இதைக் கண்டுகொண்டாள். எழுதினாள். படியெடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றாமல், ஒரே பிரதியைப் பாலுசாமியிடம் கொடுத்தாள்.

"ஏனுங்க அம்மணி, தாளையே மொறச்சுப் பாத்துட்டிருக்கறீங்க?" என்றார் அச்சகத்துக்காரர் அப்துல் மஜீத். "பக்க நம்பரு சரியாத்தானே இருக்குது?"

"நம்பரு சரியாத்தானுங்க இருக்குது பாய்" என்றாள் நஞ்சம்மாள்.

மறுநாள் கல்லூரித் தாழ்வாரத்தில் பாலுசாமியைப் பிடித்தாள். பீளமேட்டுப் பக்கம் நூல்மில் வைத்திருந்த குடும்பம் அவனுடையது. பட்டு அங்கவஸ்திரம், கையில் கடிகாரம், வாயில் எப்போதும் மரியாதை.

"பதினேழாம் பக்கம் பாத்தனுங்க" என்றாள்.

"அடடே, பாத்துட்டீங்களா? படம் நல்லா விழுந்திருக்குதுங்களா?"

"அது நான் எழுதினதுங்க."

பாலுசாமி அக்கம்பக்கம் பார்த்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நீங்க எழுதினதுதானுங்க, ஆரு இல்லீன்னாங்க? ஆனா கொஞ்சம் ரோசன பண்ணிப் பாருங்க. வயசுக்கு வந்த புள்ள பேரு, கடவீதியில, கண்டவன் கையில பொஸ்தகமாக் கெடந்தா உங்க அப்பாரு என்ன நெனப்பாரு? உங்க நல்லதுக்குத்தானுங்க நான் பழியத் தூக்கி என்ர தலைல போட்டுக்கிட்டேன்."

"பழியா?"

"எழுதற செரமம் இருக்குதுங்களே, அதச் சொன்னேன்." சிரித்தான். "அதுவுமில்லாம, கட்டுர நீளமாப் போச்சு. படம் வெக்க எடம் பத்துல. கடைசிப் பாராவ நாந்தான் வெட்டிப்போட்டேன். அப்ப நானும் பாதி எழுதின மாதிரிதானுங்களே? பொருளடக்கம் நீங்க போட்டுக் குடுங்க. கோலம் போடற கை. அடியில 'பக்க அமைப்பு: ஒரு மாணவி'ன்னு சின்ன எழுத்துல போட்டுறலாம்."

இவ்வளவையும் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தைக்கும் 'ங்க' குறையாமல் சொன்னான். கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், இரண்டு பேருக்கும் தீர்ந்திருக்கும். வெல்லத்தில் தடவிக் கொடுத்ததால் விஷம் அவளுக்கு அடிவயிறு வரை இறங்கியது.

சங்கத்தின் தலைவர் சென்னிமலை, பௌதிக விரிவுரையாளர், நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அவள் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"அம்மணி, எனக்கு வந்த பிரதி பாலுசாமி கையெழுத்துல இருக்குது. உங்க கையெழுத்துல ஒரு துண்டுக் காயிதம் காட்டுங்க, இன்னிக்கே கூப்புட்டுக் கேக்கறேன்."

"அவரு கிட்டத்தானுங்க சார் இருந்துச்சு. தொலஞ்சு போச்சுன்னு சொல்லுவாரு."

"அப்ப நான் என்ன பண்றது, சொல்லுங்க? இதழுக்குக் காயிதம் பூராவும் அவங்க அப்பாரு குடுத்தது. வெறும் வாய்ப்பேச்சுல ஒருத்தனத் திருடன்னு சொல்லீற முடியுங்களா?" என்றார். கடைசியில், ஆறுதலாக நினைத்துக்கொண்டு, "அடுத்த இதழ்ல நீங்க ஒண்ணு எழுதுங்க" என்று முடித்தார்.

அடுத்த இதழ்! பக்கத்துத் தோட்டக்காரன் ராவோடு ராவாக வாய்க்காலை மடை திருப்பிக்கொண்டால், அடுத்த வருஷ மழையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்களா? நஞ்சம்மாள் பிறந்த குடும்பத்தில் வாய்க்கால் வரப்புக்காக மூன்று தலைமுறை பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இருந்தார்கள். அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அவன் பெயரை எழுதிய மை ஊரெல்லாம் நாற வேண்டும் என்று மட்டும் நினைத்தாள்.

மறுபடி அச்சகம். மறுபடி அதே மூன்று சங்கதிகள்.

எதிர்ச் சுவரில் மஜீத் தாம் அடித்த நோட்டீசுகளை மாதிரிக்கு ஒட்டி வைத்திருந்தார். பெரும்பாலும் நாடகக் கொட்டகை நோட்டீசுகள். சிவப்பில், பச்சையில், விரல் பருமன் எழுத்தில் நடிகர் பெயர். பெயருக்குக் கீழே தவறாமல் ஒரு வரி: 'நேரில் தோன்றிப் பாடுவார்.'

"பாய், இந்த வரி எதுக்குங்க எல்லாத்துலயும் இருக்குது?"

"அதுவா அம்மணி? அது இல்லீன்னா டிக்கெட்டு விக்காது. பெரிய நடிகரு பேரப் போட்டுட்டு, வேற ஆள வேசங்கட்டி ஏத்தி வுட்டுப்போடுவாங்க. சனம் ஏமாந்து ஏமாந்து, இப்ப 'நேரில்'ங்கற எழுத்தப் பாத்தாத்தான் காசையே அவுக்குது. ஆனா அதப் போட்டுட்டா ஆளு வந்தே தீரோணும். வல்லீன்னா பெஞ்சு பறக்கும். போன மாசம் ஒரு கொட்டாயில பபூன் மண்டையே ஒடஞ்சு போச்சு. பாவம், அவன் என்ன பண்ணுவான்?"

நஞ்சம்மாள் பென்சிலை எடுத்தாள். தாளில் மூன்று கட்டத்துக்கும் கோடு போட்டிருந்தாள். பக்க எண்ணுக்கு அப்பால், வலது ஓரத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே இன்னொரு கோட்டை இழுத்தாள். நாலாவது கட்டம். அதன் தலையில் எழுதினாள்: 'மேடையில் செய்து காட்டுபவர்.'

இதழ் வெளியீட்டு விழாவுக்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி நோட்டீசு அடிப்பதாக இருந்தார்கள். தனி நோட்டீசு எதற்கு? பொருளடக்கமே நிகழ்ச்சி நோட்டீசாக இருக்கட்டும். மிருதங்கத்தின் கரணை என்கிற கறுப்பு வட்டத்தைப் பற்றி எழுதியவர் மிருதங்கத்தை வாசித்துக் காட்டட்டும். கிராமபோன் ஊசியைப் பற்றி எழுதியவர் ஊசியை மாற்றிக் காட்டட்டும். பாட்டு எழுதியவர் பாடட்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம்.

பாலுசாமி புரூஃபை வாங்கிப் பார்த்தான். தன் வரியைத்தான் முதலில் பார்த்தான். 'பாலுசாமி' என்று ஒரு முறை, பக்க எண்ணைத் தாண்டி மறுபடி 'பாலுசாமி' என்று ஒரு முறை.

"பேரு ரெண்டு தடவ வருதுங்களே!"

"எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க வருது. உங்களுது மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடச் சொல்லட்டுங்களா? பத்திரிகாசிரியருங்களே."

"போடுங்க, போடுங்க." உடனே கொஞ்சம் தயங்கினான். "செஞ்சு காட்டறதுன்னா, என்ன பெரிசா... நூல வெச்சுக் காட்டறதுதானுங்களே?"

"நூல வெச்சுக் காட்டறதுதானுங்க" என்றாள் நஞ்சம்மாள்.

கையெழுத்துப் போட்டான். 'தம்புரா' என்ற வார்த்தைக்குமேல் ஒரு மைப்பொட்டு விழுந்திருந்ததைக்கூடச் சுழித்துக் காட்டினான்; அவ்வளவு கவனமாகத்தான் படித்தான். விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பொருளடக்கத் தாளை மட்டும் தனியாக அடித்துக்கொண்டார்கள். இதழுக்கான பொருளடக்கத்தை விழா முடிந்ததும் அடித்துச் சேர்த்துத் தைப்பதாக ஏற்பாடு. மஜீத் பாய் கோத்த அச்சைக் கலைக்காமல் அப்படியே கட்டி வைத்தார்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் பாலுசாமி அவளைத் தேடி வந்தான். கையில் அந்தப் பதினேழாம் பக்கம்.

"ஏனுங்க அம்மணி, ஒரு சின்ன சந்தேகம். குதிரை ஏன் வளஞ்சிருக்குதுன்னு இதுல இருக்குது. நூலு எதுக்குன்னு இருக்குது. என்ன நூல, எங்க, எப்படி வெக்கறதுன்னு மட்டும் காணமுங்களே?"

அது கடைசிப் பாராவில் இருந்தது. அவன் படத்துக்கு இடம் வேண்டி வெட்டப்பட்ட பாரா. நஞ்சம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"எனக்கெப்படித் தெரியுமுங்க? கட்டுர உங்களுது. நீங்க எழுதாத எடத்த நான் சொன்னா நல்லா இருக்குமுங்களா?"

வேறு வித்துவான் யாரையாவது கேட்கலாமா? கேட்க முடியாது. இசை தெரிந்த எல்லோரிடமும் தானே எழுதியதாகச் சொல்லியாகிவிட்டது. எழுதியவனே எப்படி வைப்பது என்று போய்க் கேட்டால்? பாலுசாமி சங்க அறைக்குப் போய்த் தம்புராவை எடுத்து மீட்டிப் பார்த்தான். அறை முழுவதும் தேன்கூட்டைத் தட்டினாற்போல் ரீங்காரம் எழுந்தது. நஞ்சம்மாள் மத்தியானமே வந்து, நான்கு தந்திக்கும் நூல் வைத்து, மிக நேர்த்தியாகச் சுருதி சேர்த்துவிட்டுப் போயிருந்தாள். இவ்வளவுதானா என்று அவனுக்குத் தெம்பு வந்தது. வைத்திருக்கிறதை எடுப்பது, எடுத்ததைத் திரும்ப வைப்பது. இதில் என்ன கஷ்டம்? அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டே போனான். அவன் அப்படிப் போக வேண்டும் என்றுதான் அவள் சேர்த்துவைத்திருந்தாள்.

விழாவன்று கல்லூரி மண்டபத்தில் உட்கார இடமில்லை. எல்லார் கையிலும் பொருளடக்கத் தாள். முன்வரிசையில் பாலுசாமியின் அப்பா, மில் மேனேஜர், சொந்தக்காரர்கள். மேடையோரம் குத்துவிளக்கு. மிருதங்கக்காரர் வாசித்தார், கைதட்டல். கிராமபோன் ஊசிக்காரன் தேய்ந்த ஊசியையும் புது ஊசியையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான், ஆர்ப்பாட்டம். பிறகு தலைவர் தாளைப் பார்த்து, "பதினேழாம் பக்கம்" என்றார்.

பாலுசாமி தம்புராவோடு உட்கார்ந்தான். ஒரு தடவை மீட்டினான். மண்டபம் முழுவதும் அந்த ரீங்காரம் போய்த் திரும்பியது. "ஆகா!" என்றது சபை.

"இப்ப நூல எடுத்துப்போடறேன். உயிரு போயிரும். அப்பறம் என்ர கையால திரும்ப உயிரு குடுக்கறேன்" என்றான் பாலுசாமி. நன்றாகத்தான் சொன்னான். பழைய இழைகளை உருவி எறிந்தான். அவை எங்கே இருந்தன என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பெரிய பயனில்லை; நெல் முனையளவு முன்னே பின்னே போனால் எல்லாம் போச்சு.

மடியிலிருந்து ஒரு சிறு நூற்கண்டை எடுத்தான். "எங்க மில்லுலயே ஒசத்தி நூலு" என்று தூக்கிக் காட்டினான். முன்வரிசை பெருமையோடு தலையாட்டியது. அங்கேதான் தலைமுறைப் புத்தி வேலை செய்தது. மில்காரனுக்கு நல்ல நூல் என்றால் இறுகிய முறுக்கு, மினுமினுப்பு, இழுத்தால் அறாத கெட்டி. தம்புராவுக்கு வேண்டியதோ அதற்கு நேர் எதிர்: முறுக்கே இல்லாத, அழுத்தினால் அமுங்குகிற, பொசபொசவென்ற இழை. கெட்டி நூலின் மேல் ஏறினால் தந்தி குதிரையின் முதுகைத் தொடாமலே அந்தரத்தில் நிற்கும்.

அவன் அந்தக் கெட்டி நூலை நான்கு தந்தியிலும் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டினான். அதுவும் குதிரையின் பின் ஓரத்தில். மீட்டினான்.

டொக்.

இன்னும் இறுக்கிக் கட்டினான். டொக்.

"ஏனுங்க, தம்புராவுக்குக் காச்சலுங்களா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"உங்க மில்லு நூலுங்களே, ஸ்ட்ரைக்குப் பண்ணுதாட்ட இருக்குது!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாலுசாமியின் நெற்றியிலிருந்து வியர்வை குதிரைமேல் சொட்டியது. யாரோ தாளைத் தட்டி, "செய்து காட்டுபவருன்னு போட்டிருக்குதுங்க! காட்டுங்க சாமி!" என்று கத்தினார்கள். நாடகக் கொட்டகைக் குரல். பெஞ்சுதான் பறக்கவில்லை.

தலைவர் சென்னிமலை எழுந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார், இறக்கினார். மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"நஞ்சம்மாள், நீங்க கொஞ்சம் மேடைக்கு வாரீங்களா?"

அவள் வந்தாள். பாலுசாமி தம்புராவைக் கீழே வைத்துவிட்டு நழுவப் பார்த்தான்.

"இருங்க" என்றாள் நஞ்சம்மாள். "போகாதீங்க. தம்புராவக் கொஞ்சம் அசையாமப் பிடிச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு கையும் வேணுமுங்க."

அத்தனை பேருக்கும் நடுவில் மறுக்க முடியாமல் அவன் மண்டியிட்டுத் தம்புராவைப் பிடித்துக்கொண்டான். அவள் அவசரப்படவே இல்லை. அவன் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஒவ்வொன்றையும் தூக்கிச் சபைக்குக் காட்டி, "இது ஆகாதுங்க, முறுக்கு சாஸ்தி" என்று கீழே போட்டாள். நான்கையும். குத்துவிளக்கடியில் எரியாத திரி ஒன்று மிச்சமிருந்தது. அதிலிருந்து ஓர் இழையைப் பிரித்தாள்.

"முறுக்கில்லாத பஞ்சு இழை. முடிச்சுப் போடக் கூடாதுங்க. தந்திக்கு அடியில சும்மா நுழைக்கோணும். குதிரைக்கு நடுமுதுகு இருக்குதுங்களே, அதுக்குச் சித்த பின்னால வெச்சு, தந்திய மீட்டிக்கிட்டே, இழைய மெதுவா முன்னால இழுத்துக்கிட்டு வரோணும்."

மீட்டினாள். டொக். இழையை இழுத்தாள். டொம். இன்னும் ஒரு துளி. 'டொம்' நீண்டது, ஓரத்தில் ஒரு ரீங்காரம் எட்டிப் பார்த்தது. இன்னும் ஒரு துளி. தந்தி பூத்தது. ஒரே தந்தியிலிருந்து கிளம்பிய சத்தம் மண்டபத்தின் கடைசித் தூண் வரை போய் நின்றது. இன்னும் கொஞ்சம் இழுத்துக் காட்டினாள், மறுபடி செத்தது. திரும்பப் பழைய இடத்துக்குத் தள்ளினாள், மறுபடி பூத்தது.

"இந்த எடம்தானுங்க. இதத்தான் கடைசிப் பாராவுல எழுதியிருந்தேன். படம் வெக்கறதுக்காக வெட்டிப்போட்டாங்க."

நான்கு தந்திக்கும் வைத்து முடிக்கும் வரை பாலுசாமி மண்டியிட்டபடியே இருந்தான். தம்புரா அசையும்போதெல்லாம், "ஆட்டாதீங்க, சுருதி போயிரும்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. ஆனாலும் வயிற்றில் இருந்தது முழுவதும் தீரவில்லை. கைதட்டல் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போய்விடும். பதினேழாம் பக்கம் அப்படியேதான் இருக்கும்.

மறுநாள் அச்சகத்தில் தலைவர் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். பாலுசாமி வாசற்படியோரம் நின்றான்.

"என்ர தப்பு அம்மணி" என்றார் சென்னிமலை. "நீங்க சொன்னப்பவே தம்புராவக் கைல குடுத்துப் பாத்திருக்கோணும். பௌதிகம் சொல்லிக்குடுக்கறவன், கையெழுத்தப் பாத்தேனே ஒழிய பரிசோதனை பண்ணிப் பாக்குல. போகுது. இப்ப இதச் சரி பண்றதப் பாப்போம். உள்தாளத் திரும்ப அடிக்கக் காயிதமில்ல. மஜீத் பாய் ஒரு வழி சொல்றாரு: உங்க பேர அச்சடிச்ச ஒட்டுச்சீட்டு. அவம் பேருக்கும் படத்துக்கும் மேல ஒட்டிப்போடலாம். வெளிய தெரியாது."

பாலுசாமி கையைக் கூப்பினான். "ஒட்டிப்போடுங்க அம்மணி. இல்லீன்னா அந்தக் கட்டுரையையே பொருளடக்கத்துல இருந்து எடுத்துப்போடுங்க. அப்பாரு ஊட்டுக்குள்ள சேக்க மாட்டீங்கறாரு."

"பக்கம் இருக்கறப்ப பொருளடக்கத்துல எப்படியுங்க இல்லாமப் போகும்?" என்றாள் நஞ்சம்மாள். பிறகு தலைவரிடம், "ஒட்டுச்சீட்டு வேண்டாமுங்க சார். அது மைதாப் பசை. காஞ்சா உரியும், பூச்சி திங்கும். அதுவுமில்லாம, அது அவரு மூஞ்சியத்தானே மறைக்குது? படம் அப்படியே இருக்கட்டுங்க. பேரும் இருக்கட்டுங்க."

"அப்பறம் உங்க பேரு?"

அவள் மஜீத் கட்டி வைத்திருந்த அச்சைக் கேட்டு வாங்கினாள். கலைக்காத அச்சு, மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். தாளில் எழுதிக் காட்டினாள். தலைவர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை படித்தார்.

"அம்மணி, பழி வாங்கறீங்களா?"

"ஆமாங்க சார்" என்றாள் நஞ்சம்மாள். "இதுல எந்த வார்த்தை பொய்யின்னு சொல்லுங்க, எடுத்துப்போடறேன்."

அவர் ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டித் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டு மஜீத்திடம் நீட்டினார். மஜீத் பாய் காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷினில் ஏறி நின்றார்.

பொருளடக்கத்தில் நான்கு கட்டங்கள்: பொருள், பக்கத்தில் உள்ள பெயர், பக்கம், மேடையில் செய்து காட்டியவர். 'எழுதியவர்' என்ற சொல் எங்குமில்லை. மற்ற எல்லா வரியிலும் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் பெயரே நாலாம் கட்டத்திலும் இருக்கும். ஒரு வரியில் மட்டும் இப்படி: 'தம்புராவுக்கு உயிர் வருவது எப்படி? — பாலுசாமி — 17 — நஞ்சம்மாள்.'